ரங்கிக்கு வயிறு நொந்த ஆடிப் பதினெட்டு

பெரியப்பாவின் குதிரை ரங்கியை வண்டியில் பூட்டித் தோற்றதில்லை. திருச்சியைச் சுற்றி எங்கே குதிரை வண்டிப் பந்தயம் என்றாலும், அவள் வருகிறாள் என்று தெரிந்தால் மற்றவர்கள் இரண்டாம் பரிசைப் பற்றித்தான் பேசுவார்கள். கடிவாளம் எங்கள் அப்பாவின் கையில். அவள் சினையானதும் பந்தயம் நின்றது. பிறக்கப்போகும் குட்டியை ஓட்டுவதும் அப்பாதான் என்று பெரியப்பா சொல்லியிருந்தார்.

ஆடிப் பதினெட்டுக்குக் காவேரித் தாய்க்கு மசக்கை என்று கலந்த சாதம் படைப்போம். அம்மா படித்துறையில் படைத்துவிட்டு என்னோடு நேரே குதிரைக் கொட்டகைக்கு வந்தாள்.

"இவளும் புள்ளத்தாச்சிதானே, வாய்க்கு ருசியா கேக்கத் தெரியுமா பாவம்" என்று மிச்சமிருந்த தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாவற்றையும் ஊட்டிவிட்டாள். ரங்கி இலையையும் விடவில்லை.

மதியத்துக்கு மேல் ரங்கி காலால் தரையைப் பிறாண்ட ஆரம்பித்தாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தாள். வேர்த்துக் கொட்டியது. குதிரைக்கு வாந்தி வராது. படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், தாயும் தங்காது, குட்டியும் தங்காது. வயிறு இளகி லத்தி போடும்வரை நடத்திக்கொண்டே இருக்க வேண்டும். மாட்டு டாக்டரோ காவேரிப் பாலத்துக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா வேப்பமரத்தைச் சுற்றி நடத்தினார். ரங்கி முன்னங்காலை மடக்கும்போதெல்லாம் அவள் கழுத்தைக் கட்டித் தூக்கினார். அவள் மோவாயில் நெய்யும் பருக்கையும் ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தார். அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, துண்டால் துடைத்துவிட்டார்.

பெரியப்பா ஓடி வந்தார். "எவன்டா இதுக்கு என்னத்தக் குடுத்தது?"

"நான்தாண்ணே. நேத்து ஊற வெச்ச கொள்ளு, புளிச்சுப்போச்சு. பாக்காமப் போட்டுட்டேன்."

"இத்தன வருஷம் ஓட்டுனவன்தானே நீ? கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வாய் திறப்பதற்குள் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. "ரங்கநாதா, ஒரே ஒரு தரம் லத்தி போட வெச்சிரு." பெருமாளிடம் அப்படியொரு வரம் அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பெருமாள் கொடுத்தார். அப்பா அந்த லத்தியைக் கையில் அள்ளி, சூடு இருக்கிறதா என்று பார்த்தார். பெரியப்பா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தையில் குட்டி பிறந்தது. வளர்ந்ததும் தாயைப் போலவே ஓடியது. ஆனால் பெரியப்பா கடிவாளத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அதன் முதல் பந்தயத்தை அப்பா ரோட்டோரம் எங்களோடு நின்றுதான் பார்த்தார். ஜெயித்ததும் விசிலடித்தார்.

பொய் சொன்னதற்குச் சாமி கொடுத்த தண்டனை அது என்று எனக்குத் தோன்றியது. திரும்பும் வழியில் பிள்ளையார் கோயிலில் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன்.

"எதுக்குடி இத்தன?" என்றாள் அம்மா.

"அப்பா பொய் சொன்னாருல்ல, அதுக்கு."

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் நின்று அவளும் போட ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவளும் அப்பாவுக்காகத்தான் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.