கதவைத் தட்டும் வரை

உட்கார்ந்து நிதானமாக எழுதுகிற ஆள் நான் இல்லை. அக்காவின் நினைவு மலருக்கு நான்கு வரி எழுதுவதற்குள் பால்கனிக்குப் போய் நின்றுவிட்டு வருகிறேன். அக்கா இருந்திருந்தால், "காலுல சக்கரமாடா கட்டியிருக்க? உக்காருடா" என்று அதட்டியிருப்பார். அதட்ட ஆள் இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது.

அக்கா பிறந்தது சிவகங்கைப் பக்கம் ஒரு சிற்றூரில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, பெரியண்ணன் வளைகுடாவுக்கு வந்து வெயிலில் கம்பி கட்டினார். அவர் அனுப்பிய பணத்தில்தான் அக்கா வரலாறு படித்தார். பின்னால் வருவதைப் படிக்கும்போது இதை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருமணமாகி அத்தானோடு அஜ்மானுக்கு வந்த அக்கா, ஓர் இந்தியப் பள்ளியில் ஆசிரியரானார். அதற்குள் அண்ணன் ஷார்ஜாவில் கட்டட வேலைக்கு ஆள் அனுப்பும் கம்பெனி தொடங்கியிருந்தார். கடைசியாக வந்த நானும் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியேறினேன்.

அண்ணன் ஆபீஸில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. வேலையாட்களின் பாஸ்போர்ட் எல்லாம் அதற்குள்தான். சட்டப்படி அப்படி வாங்கி வைக்கக் கூடாது. கேட்டால், "ரூம்ல வச்சா தொலைச்சிருவாய்ங்க. எங்கிட்ட இருக்கட்டும், பத்திரமா இருக்கும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா அப்போது மேல்வகுப்புக்கு அமெரிக்க உள்நாட்டுப் போரை நடத்திக்கொண்டிருந்தார். பாடம் சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிட்டது.

"தெக்க பருத்திக் காடு, அடிமை இல்லாம ஓடாது. வடக்க மில்லு, அந்தப் பருத்திதான் அங்க நூலு. ரெண்டு பக்கமும் தின்னது ஒரே சோறுதான். மேற்க புது மாகாணம் சேரச் சேர, அங்க அடிமை உண்டா இல்லையான்னு சண்டை. வரைபடத்துல ஒரு கோடு போட்டுப் பாத்தாங்க. பெறகு, சபையில அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு விதி போட்டாங்க."

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "என்னைய அடிமை யாவாரிங்கிறியா? சம்பளம் குடுக்கல? சோறு போடல?"

"குடுக்குறீங்கண்ணே. நான் அடிமைன்னு சொல்லல. அவன் ஊருக்குப் போகணும்னா யாரைக் கேக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க."

ரசம் ஆறிப்போனது. அத்தான்தான் சமாதானம் செய்தார். "இனிமே சாப்பாட்டுல கம்பெனிப் பேச்சு மாஃபி, கெடையாது. கலாஸ், முடிஞ்சுது!" அவருடைய அரபியைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். பாத்திரம் கழுவும்போது அக்கா என்னிடம், "அவங்களும் இதே விதிதான்டா போட்டாங்க" என்றார்.

"அப்புறம் என்னாச்சு?"

"தப்பிச்சு வர்ற அடிமைய வடக்குக்காரனும் புடிச்சுக் குடுக்கணும்னு சட்டம் வந்துச்சு. அதுவரைக்கும் நமக்கென்னன்னு இருந்தவன் வீட்டுக் கதவை ஒருத்தன் வந்து தட்டுறான். புடிச்சுக் குடுக்கணும், இல்ல உள்ள விடணும். நடுவுல நிக்க இடமில்ல."

எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர் முத்தையா. பக்கத்து ஊர்க்காரர், அண்ணன் கம்பெனியில் கொத்தனார். அவருடைய தாயார் இழுத்துக்கொண்டு கிடந்தார். லீவு கேட்டதற்கு, "இந்த சைட்டை முடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றிருக்கிறார் அண்ணன். முத்தையா தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கிளம்பி நேராக அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா சோறு போட்டு, அத்தானின் அறையில் படுக்க வைத்தார்.

அண்ணன் எனக்குப் போன் போட்டார். "போயி அவனைக் கூட்டியாந்து கேம்ப்புல விடு."

போனேன். மாடியில் அக்கா வீட்டு வாசலுக்கும் லிஃப்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். அக்கா கதவைத் திறந்து பார்த்தார்.

"உள்ள வாறியா, இல்ல அவரைக் கூட்டிட்டுப் போக வந்தியா?"

நான் கார்ச் சாவியைக் கையில் உருட்டினேன்.

"சரி, காரை எடு. நானும் வாரேன்."

மூவரும் தொழிலாளர் புகார் அலுவலகத்துக்குப் போனோம். அண்ணனுடைய கம்பெனியின் பெயரை அக்கா தன் வாயால் சொன்னார். முத்தையாவுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. தாயாருக்கு ஒரு வாய்ப் பால் ஊற்ற அவரால் முடிந்தது.

"கம்பி கட்டிப் படிக்க வச்சேன். எம்மேலயே புகாரா?" என்று அண்ணன் கேட்டதைத் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றது. வாட்ஸ்அப் குழு இரண்டானது. ஊரில் நடந்த காதுகுத்தில் அண்ணன் பக்கத்தார் ஒரு பந்தி, அக்கா பக்கத்தார் ஒரு பந்தி. தூது போய்ப் போய் எனக்குத் தூக்கமே கெட்டது. "விட்டுக் குடுத்துரலாமேக்கா" என்றேன்.

"எதைடா?" என்றார். அவர் கண்ணில் நீர் நின்றது. அண்ணனைப் பிரிந்து இருக்கத் தெரியாதவர் அவர். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு நோய் வந்தது. பள்ளிக்குப் போவது நின்றது. கடைசி நாட்களில் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து அறைக்கு வெளியே நின்றார். "அண்ணே, உள்ள வாங்க" என்று அக்காதான் கூப்பிட்டார். அண்ணன் அக்காவின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "அந்த அலமாரி…" என்று அக்கா ஆரம்பித்தார். "மொதல்ல நீ எந்திரிச்சு வா. பெறகு பேசிக்கலாம்" என்றார் அண்ணன். அக்கா எழவில்லை.

உடலை ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய காகிதங்களுக்காக அண்ணன் சாப்பிடாமல் அலைந்தார். தூதரகத்தில் அக்காவின் பாஸ்போர்ட்டை ரத்துசெய்து மூலையை வெட்டிக் கொடுத்தார்கள். கருமாதி முடிந்ததும் அக்கா மகள், "அம்மா பாஸ்போர்ட் எங்க, பெரிய மாமா?" என்று கேட்டாள்.

அண்ணன் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டு சொன்னார். "எங்கிட்ட இருக்கட்டும்மா. பத்திரமா இருக்கும்."

அண்ணனுக்கும் தன் வார்த்தை காதில் விழுந்திருக்க வேண்டும். எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட தாதியருக்கும், உடன் பணியாற்றிய ஆசிரியர்களுக்கும், ஊரில் துணைநின்ற உறவுகளுக்கும் எங்கள் நன்றி. பாடைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்த முத்தையாவுக்கும், மறுபக்கம் தோள் கொடுத்த அண்ணனுக்கும் நன்றி.

அண்ணே, தலைத் திவசத்தன்று இந்த மலரை முதலில் வாங்கப்போவது நீங்கள்தான். அக்காவின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அது இனி எங்கும் போகாது. போக வேண்டியவர்களுடையது இன்னும் அலமாரியில் இருக்கிறது.