வெளிச்சம் புகாத கூடாரம்

காலி கன்டெய்னருக்குள் போய் நின்றுகொண்டு, கதவைச் சாத்தச் சொல்வது என் வேலை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் தூத்துக்குடியில் துறைமுகத்துக்கு வெளியே இருக்கிற யார்டில் இருபது வருஷமாக இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் பெட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் ஆள் உள்ளே போவான், இன்னொருவன் வெளியிலிருந்து கதவைச் சாத்துவான். உள்ளே இருப்பவன் இருட்டில் எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று அண்ணாந்து பார்ப்பான். தெரிந்தால் சாக்பீஸால் ஒரு வட்டம். தெரியாவிட்டால் பெட்டி பாஸ்.

இதில் எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. உள்ளே ஆள் இருக்கிற வரைக்கும் வெளியே நிற்கிறவன் கதவில் கம்பியால் டக், டக் என்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான் இங்கேதான் நிற்கிறேன், டீ குடிக்கப் போய்விடவில்லை என்று அர்த்தம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்தத் தட்டு நின்றுபோனது. கூட்டாளிக்கு போன் வந்து, பெட்டிக்கு அந்தப் பக்கம் நிழலில் போய்ப் பேசியிருக்கிறான். மொத்தம் நாலு நிமிஷம். அதற்குள் நான் திருச்செந்தூர் முருகனுக்கு மொட்டை நேர்ந்து, மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்து முடித்துவிட்டேன். ஒருத்தர் லீவில் இருந்தால் இன்னொருத்தர் பார்த்துக்கொள்வார் அல்லவா. மொட்டையால் முருகனுக்குப் பெரிய வரவு இல்லை. ஏற்கெனவே முக்கால்வாசி கொடுத்தாகிவிட்டது.

கதவு திறந்ததும் கூட்டாளி கேட்டான், “என்னண்ணே, இப்பிடி வேர்த்திருக்கு?”

“உள்ள ஏசி வேல செய்யலலே” என்றேன்.

அன்றிலிருந்து உள்ளே போகிற முறை எனக்கு வந்தால் முதுகுவலியும் கூடவே வந்துவிடும். லிஃப்டைக் கண்டால் டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பது ஞாபகம் வரும். எந்த டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. ஊரையே சிரிக்க வைக்கிறவன் பயந்து கிடக்கிறான் என்று தெரிந்தால் என் மதிப்பு என்னாவது?

தெரியாமலா போகும். போன வருஷம் மனைவியின் அக்கா குடும்பத்தோடு கொடைக்கானல் பக்கம் ஒரு தோட்டத்தில் வாடகைக் கூடாரத்தில் தங்கினோம். படுத்து ஐந்து நிமிஷத்தில் ஜிப்பில் துணி சிக்கிக்கொண்டது. மற்றவர்களாக இருந்தால் துணியை விடுவித்து ஜிப்பைத் திறப்பார்கள். நான் கூடாரத்தோடு எழுந்து ஓடினேன். கூடாரத்துக்குக் கால் முளைத்துக் கேரட் பாத்தி வரைக்கும் போனதைச் சகலை போனில் படம் பிடித்துவிட்டார். அது இன்றைக்கும் சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் தீபாவளிக்கு ஒரு முறை, பொங்கலுக்கு ஒரு முறை வலம் வருகிறது.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக மில்லர்புரத்தில் இருக்கிறோம், கடல் கூப்பிடு தூரம். ஆனாலும் மணலில் ஒரு ராத்திரி படுத்ததில்லை என்று அவளுக்கு ஒரு குறை. அவளோடு வேலை பார்க்கிற டீச்சருக்கு வீடு பெரியதாழையில், கடலைப் பார்த்தபடி. “எங்க வீட்டு முன்னாடியே கூடாரம் போட்டுக்கோங்க, பாத்ரூம், குழாய் எல்லாம் இருக்கு” என்று அந்த டீச்சர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட விடுமுறையில் இரண்டு நாள் என்று முடிவானது. அப்போதுதான் மனைவி சொன்னாள்.

“நான் அக்காவக் கூட்டிட்டுப் போறேன். நீங்க வீட்லயே இருங்க. பாவம், உங்கள எதுக்குக் கஷ்டப்படுத்திக்கிட்டு.”

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அந்தப் ‘பாவம்’ குத்திவிட்டது.

“நானும் வாரேன்” என்றேன். “கூடாரமும் நானே வாங்குதேன். நல்ல கூடாரமா.”

“நல்ல கூடாரத்துலயும் ஜிப் இருக்கும்லா?”

“இருக்கட்டும்.”

சொல்லிவிட்டேனே தவிர, அப்போதே முதுகுவலி எட்டிப் பார்த்தது. ஆனாலும் இந்தத் தடவை அதற்கு இடம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். எந்தக் கூடாரத்துக்குள் ஜிப்பை மூடிக்கொண்டு நூறு வரைக்கும் என்னால் எண்ண முடிகிறதோ, அதைத்தான் வாங்குவது.

துறைமுகம் போகிற ரோட்டில் தார்ப்பாய், நைலான் கயிறு, மிதவை எல்லாம் விற்கிற கடை ஒன்று உண்டு. இப்போது கூடாரமும் விற்கிறார்கள். கடைக்கார அண்ணாச்சி என்னைப் பின்னால் குடோனுக்குக் கூட்டிப்போய், ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை விரித்துக் காட்டினார். ரெண்டு நிமிஷத்தில் நின்றது. உள்ளே போய் உட்கார்ந்து, மூடச் சொன்னேன்.

துணி முழுக்க மங்கலான ஆரஞ்சு. தையல் போன வழியெல்லாம் ஊசி குத்தின இடத்தில் பளிச் பளிச்சென்று வெளிச்சம். அடடா, எத்தனை புள்ளி! வெளியே உலகம் இருக்கிறது என்பதற்கு அத்தனை சாட்சி. நூறு வரைக்கும் நிம்மதியாக எண்ணிவிட்டு வெளியே வந்தேன்.

“தையல் பூரா வெளிச்சம் தெரியுது அண்ணாச்சி.”

“அப்ப வேண்டாம், வேற பாப்போம்.”

“இல்ல, இதையே குடுங்க. அதனாலதான் புடிச்சிருக்கு.”

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஓட்ட இருக்குன்னு வெலயக் கொறைக்கச் சொல்லுத ஆளப் பாத்திருக்கேன். ஓட்ட இருக்குன்னு சந்தோசமா வாங்குத ஆள இப்பத்தாம்வே பாக்கேன்.”

எனக்குள் ரெண்டு பேர். யார்டில் வேலை பார்க்கிறவன் ‘தள்ளு’ என்கிறான். பயந்தாங்கொள்ளி ‘எடு’ என்கிறான். இந்தத் துளை வழியே விடியற்காலம் பனி இறங்கும். அவள் நனைந்த போர்வையோடு எழுந்து தும்முவாள். ஒரு வார்த்தை திட்டமாட்டாள். மறுபடியும் ‘பாவம்’ என்பாள். அதை நினைத்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்ச் சாக்பீஸை எடுத்து, கூடாரத்தின் தையல்மேல் வட்டம் போட்டுவிட்டது.

“ஏய், ஏய்! விக்கிற சாமான்வே அது!”

துடைத்துக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் காட்டியது பச்சைக் கூடாரம். துணி நல்ல துணி, ஆனால் வாசல் ஒன்றுதான். ஜிப்பைப் பத்துத் தடவை இழுத்துப் பார்த்தேன். ஏழாவது தடவை ஓரத் துணியைக் கடித்தது. எனக்குள் இருக்கிற ரெண்டு பேரும் முதல் தடவையாக ஒரே குரலில் ‘தள்ளு’ என்றார்கள்.

அடுத்தது சாம்பல் நிறம். அண்ணாச்சி சொல்லக் காத்திராமல் நானே பார்த்துக்கொண்டு போனேன். அடித்துணி தாம்பாளம் மாதிரி ஒரு சாண் உயரத்துக்கு மேலே ஏறியிருந்தது, தண்ணீர் ஓடிவந்தாலும் உள்ளே வராது. தையல்மேல் டேப் ஒட்டியிருந்தது. கம்பி அலுமினியம். ஜிப் பல் தடித்த பல், துணி சிக்காமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பட்டை. இழுக்கிற பிடி உள்ளேயும் இருந்தது, வெளியேயும் இருந்தது. காற்றுக்கு உச்சியில் வலை, வெளிச்சம் விழாமல் அதன்மேல் ஒரு மடிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக வாசல் ரெண்டு, எதிரும் புதிருமாக.

“ஆனா உள்பக்கம் கறுப்புப் பூச்சு” என்றார் அண்ணாச்சி. “நம்ம கடக்கரையில ஆறு மணிக்கே வெயிலு மூஞ்சில அடிக்கும்லா. இதுக்குள்ள கெடந்தா விடிஞ்சதே தெரியாது.”

எட்டிப் பார்த்தேன். கன்டெய்னரேதான். இதை யார்டுக்குக் கொண்டுபோனால் முதல் தடவையே பாஸ் ஆகிவிடும்.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். “வேண்டாம்ங்க. நான் அக்கா கூடவே...”

“நில்லு” என்றேன். “நான் உள்ள போறேன். நீ வெளிய நின்னு அந்தக் கம்பியில தட்டிக்கிட்டே இருக்கியா?”

“எதுக்கு?”

சொன்னேன். பெட்டி, போன், நாலு நிமிஷம், முதுகுவலி, இல்லாத டாக்டர், எல்லாவற்றையும் மூச்சு விடாமல், தார்ப்பாய்க் குவியலுக்கு நடுவில் நின்று. அண்ணாச்சி கேட்காத மாதிரி ஒரு கயிற்றுக்கண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஜோக் சொல்லி முடிக்கப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அவள் கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். “போங்க, நான் தட்டுதேன்.”

உள்ளே போய், ரெண்டு வாசலையும் நானே மூடினேன். இருட்டு. டக், டக். ஒன்று, ரெண்டு. டக், டக். இருபது, முப்பது. எண்ணிக்கை தடுமாறவில்லை. அறுபது. தட்டு நின்றது.

நெஞ்சு காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கால் ரெண்டும் கொடைக்கானலை நினைத்துக்கொண்டு தயாராகிவிட்டன. இந்தத் தடவை கூடாரம் ஓடினால் துறைமுக ரோடு, லாரிகள் நிற்காது. கையை நீட்டினேன். பின்வாசல் ஜிப் விரலில் பட்டது. ஒரு விரற்கடை இழுத்தேன். சிக்கவில்லை, நூல் மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. திரும்பவும் மூடினேன். பிடியிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்தேன். அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. நூறு வந்தது. வீம்புக்கு இன்னும் இருபது எண்ணினேன்.

வெளியே வந்தால், துணி காயப்போட எத்தனை மீட்டர் கயிறு வேண்டும் என்று அவள் அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“ஏளா, தட்டுறத நிறுத்திட்டியே!”

“ஐயோ! எப்ப நிறுத்துனேன்?”

“அறுவதுல. நான் நூத்தி இருவது எண்ணியாச்சு.”

அவள் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். “இதையே கட்டுங்க அண்ணாச்சி.”

கட்டிக்கொண்டே அண்ணாச்சி பாடம் நடத்தினார். “மணல்ல முளை நிக்காது தம்பி. சின்னச் சாக்குல மணல ரொப்பி, அதுல கயிறக் கட்டிப் பொதைக்கணும். எட்டுக் கயிறு இருக்கு, எட்டையும் விறைப்பா இழுத்துக் கட்டணும். ஒண்ணு தொய்ஞ்சிருந்தாலும் அந்தக் கொக்கி காத்துல கம்பி மேல டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டே கெடக்கும். தூங்க விடாது.”

இதுவரை அவர் சொன்னதில் நான் மிகவும் கவனமாகக் கேட்டது அந்தக் கடைசி வரியைத்தான். ஏனென்றால் கடையில் அவள் வெளியே நின்று தட்டினாள். பெரியதாழையில் அவளும் உள்ளேதானே இருப்பாள்.

போனோம். சாயங்காலம் டீச்சர் வீட்டு முன்னால் மணலில் கூடாரத்தை நிறுத்தினோம். எட்டுச் சாக்கு ரொப்பி, எட்டுக் குழி தோண்டிப் புதைத்தேன். ஏழு கயிற்றை வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டினேன். நான் படுக்கிற பக்கத்துக் கயிற்றை மட்டும் ஒரு விரல் அளவுக்குத் தளரவிட்டேன். ஜிப்பை நான்தான் மூடினேன்.

விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தேன். அண்ணாச்சி சொன்னது சரி, உள்ளே ஒரு பொட்டு வெயில் இல்லை, ஒரு சொட்டு பனி இல்லை. அவள் டீச்சர் வீட்டிலிருந்து டம்ளரில் டீயோடு வந்துகொண்டிருந்தாள்.

“ராத்திரி பூரா உங்க பக்கம் ஏதோ டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. அண்ணாச்சி அவ்வளவு சொன்னாருல்லா, இழுத்துக் கட்டக் கூடாதா?”

“இருட்டிருச்சு, சரியா தெரியல” என்றேன்.

டீயை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனாள். தளர்ந்த கயிற்றைப் பார்த்தாள். கொக்கியைப் பிடித்து இழுக்கப் போனவள், இழுக்காமல் நின்றாள்.

“இன்னைக்கும் இங்கனதான படுக்கப் போறோம்?” என்றாள்.

“ஆமா.”

கொக்கியை விட்டுவிட்டுக் கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டாள். “கெடந்துட்டுப் போட்டும்.”