காதைத் தொட்டால் டு, மூக்கைத் தொட்டால் ஃபார்

போன ஞாயிற்றுக்கிழமை பெரியவள் இங்கிலீஷ் பயிற்சியில் கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி, புத்தகத்தைப் பார்க்காமலேயே விடை சொன்னேன். டிமாண்ட் என்றாள், ஃபார் என்றேன். எபிலிட்டி என்றாள், டு என்றேன். இன்க்ரீஸ் என்றாள், இன் என்றேன். "நீ பத்தாவதே தாண்டலியேப்பா, உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்று சின்னவன் கேட்டான். சிரித்து மழுப்பினேன். சைதாப்பேட்டை மாமா ஏன் இப்போதெல்லாம் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று நீங்கள் கேட்டபோதும் அப்படித்தான் மழுப்பினேன். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

தி.நகரில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை உங்களுக்குத் தெரியும். முதல் மாடி கல்யாணப் பட்டு. மாமாவும் நானும் ஒரே வருடம் சேர்ந்து, பதினாறு வருடம் அந்த ஒரே கவுண்டரில் நின்றோம். நான் எடுத்துப் போடுவேன், அவன் விரிப்பான். விரிப்பதோடு விடமாட்டான். புடவையைத் தன் மேலேயே கொசுவி, முந்தானையைத் தோளில் போட்டு, அந்தப் பெரிய மீசையோடு ஒரு சுற்று சுற்றி நிற்பான். கல்யாணப் பெண் முதலில் சிரிப்பாள், பிறகு அந்தப் புடவையையே எடுப்பாள்.

வந்தவர்கள் முன்னால் நாங்கள் பேசிக்கொள்ள முடியாது. அதற்குச் சைகை வைத்திருந்தோம். காதைத் தொட்டால், உசந்த ரகத்தை எடு. மூக்கைத் தொட்டால், அதே நிறத்தில் வேறு பார்டர். மோவாயைத் தடவினால், நிறத்தையே மாற்று. காலரைச் சொறிந்தால், இது சும்மா பார்த்துவிட்டுப் போகிற கிராக்கி, இதற்கு இனி எதையும் விரிக்காதே.

பெரிய முதலாளி ஓய்வெடுக்க, அவர் மகன் பொறுப்புக்கு வந்தார். வெளிநாட்டில் இருப்பவர்கள் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறார்கள், அந்த மாடியில் இருப்பவர்கள் இங்கிலீஷ் பேச வேண்டும் என்றார். அன்றிலிருந்து தினமும் ஷட்டர் தூக்குவதற்கு முன் பத்து நிமிடம் மேனேஜர் எங்களை எதிரெதிராக இரண்டு வரிசையில் நிறுத்தினார். அவர் கையில் யாரோ அச்சடித்துக் கொடுத்த இரண்டு தாள் இருக்கும்.

பாடம் இதுதான். இங்கிலீஷில் பல பெயர்ச்சொற்களுக்குப் பின்னால் ஒரு வால் வேண்டும். சிலதுக்கு டு போட்டு ஒரு வினை: பர்மிஷன் டு சிட், சான்ஸ் டு சீ. சிலதுக்கு ஃபார், ஆஃப், இன் என்று ஏதாவது போட்டு இன்னொரு பெயர்: ரீசன் ஃபார் த டிலே, சாய்ஸ் ஆஃப் கலர்ஸ், இன்ட்ரஸ்ட் இன் காட்டன். எந்தச் சொல்லுக்கு எந்த வால் என்று கேட்டால், அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு என்பார். நம் பேச்சில் எல்லாம் முன்னாலேயே வந்துவிடும். உட்கார அனுமதி என்கிறோம், தாமதத்துக்குக் காரணம் என்கிறோம். அனுமதி என்று வாயில் வரும்போதே எதற்கு என்பது முடிந்துபோயிருக்கும். இங்கிலீஷில் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் பின்னால் தேட வேண்டும். மேனேஜர் "பர்மிஷன்" என்று சொல்லி நிறுத்துவார். பதில் தெரியாதவன் வாயைத் திறந்தபடி நிற்பான். இருபது பேரும் அந்த வாயையே பார்ப்போம்.

தப்பாகச் சொன்னவன் வாசலில் பொம்மைகளோடு நிற்க வேண்டும். கண்ணாடிக்குள் புடவை கட்டிய பொம்மைகள் மூன்று. நான்காவதாக இவன், அரை மணி நேரம், அதே மாதிரி கையை வளைத்துக்கொண்டு. "பொம்மைக்கும் இங்கிலீஷ் வராது. ஆனா அது லீவு கேக்காது, டீக்குப் போகாது. உனக்கு அது தேவலய்யா" என்பார் மேனேஜர். நாங்கள் சிரிப்போம். சிரிக்காதவனிடம் அடுத்த சொல்லைக் கேட்பார் என்பதால் நன்றாகவே சிரிப்போம்.

அதிக நாள் நின்றவன் மாமாதான். அவனுக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. ஒருநாள் மொட்டை மாடியில் சாப்பிடும்போது சொன்னான்: "நைனா, நாலாவது பொம்மைக்கு மீசை வெச்சிட்டாங்கன்னு ரோட்ல போறவன்லாம் போட்டோ புடிச்சிகினு போறான். என் பொண்ணோட பிரெண்டு ஒண்ணு பாத்துட்டுப் போச்சுபா. நீ பஸ்ஸுல படிச்சிகினு வர்றியே, எனக்கும் கொஞ்சம் ஊத்து."

நான் பெரியவளின் பழைய புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். ஒன்று நின்றால் ஒன்று போனது. கடைசியில் அவனே தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "நம்ம சைகை கீதே! எதிர் வரிசைல நீதான நிக்கிற? காது டு, மூக்கு ஃபார், மோவா ஆஃப், பொத்தான் இன். நீ தொடு, நான் சொல்லிக்கிறேன்."

"காலரு?"

"அது கிராக்கிக்கு. அத்தத் தொடாத."

ஒரு மாதம் ஓடியது. நான் தொட்டேன், அவன் சொன்னான். வாசலில் மூன்று பொம்மைகள் மட்டும் நின்றன. "என்னய்யா, பொம்மைக்குப் புத்தி வந்துருச்சு!" என்று மேனேஜரே வியந்தார். அந்த மாதம் மாமா நம் வீட்டுக்கு வந்து உங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கும்.

பிறகு ஒரு காலையில் மேனேஜர் என்னை மட்டும் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். "உங்க கவுண்டர்ல இனிமே ஒரு ஆள் போதுமாம். இன்னொருத்தன் கீழே வாசல்ல, வர்றவங்க பையை வாங்கி டோக்கன் குடுக்க. இன்னைக்கு சின்ன முதலாளியே வந்து கேக்கப்போறாரு. நீ உன் வேலையை மட்டும் பாரு, புரியுதா?"

கீழே போனவன் யாரும் மேலே திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. மாமாவிடம் நான் எதையும் சொல்லவில்லை.

சின்ன முதலாளி வந்தார். என்னிடம் மூன்று சொல் கேட்டார், மூன்றுக்கும் சொன்னேன். பிறகு மாமா பக்கம் திரும்பி, "ரீசன்" என்றார்.

மாமா என்னைப் பார்த்தான், வழக்கமான அந்த அரைச் சிரிப்போடு. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது என் மூக்கு உண்மையிலேயே அரித்தது. தொடவில்லை.

"சார்... லேட்டுக்கு... ரீசன்" என்றான்.

"பின்னாடி வரணும்யா, பின்னாடி!" என்றார் மேனேஜர். வரிசை சிரித்தது.

"சான்ஸ்" என்றார் சின்ன முதலாளி. மாமா என் காதைப் பார்த்தான். என் கைகள் பின்னாலேயே இருந்தன. "சாய்ஸ்" என்றபோது அவன் என் மோவாயைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

"சார், ஒரு நிமிசம் சார்" என்று கவுண்டருக்கு ஓடினான். அரக்கு நிறப் புடவை ஒன்றை உருவி, மடமடவென்று கொசுவி, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றி நின்றான். "இது வரும் சார் எனக்கு. இத்த யாரும் இந்த மாரி செய்ய மாட்டாங்க சார்." அவசரத்தில் செருகாத கொசுவம் சரிந்து காலடியில் விழுந்தது. சின்ன முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியே நில்லு, நில்லு" என்று போனில் படம் பிடித்தார். அது அன்றே கடை வாட்ஸப் குழுவில் வந்தது. படத்துக்குக் கீழே எல்லோரும் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன்.

உங்களுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எழுத நினைத்தேன். பொய். கைகளைக் கட்டிக்கொண்ட அந்த நிமிடத்தில் உங்கள் ஞாபகமே எனக்கு வரவில்லை. நான் மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான் இருந்தது.

மத்தியானம் அவன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மூலைக்குப் போனான். போகிற போக்கில் நின்று, "மூக்கு அரிக்கலியா நைனா?" என்று கேட்டான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

இத்தனை பாடுபட்டுக் கற்ற வால்களை நான் கவுண்டரில் விரல்விட்டு எண்ணும் அளவுகூட உபயோகிக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள், "ஏங்க, பார்டர் இன்னும் கொஞ்சம் பெருசா காட்டுங்க" என்று தமிழில்தான் கேட்கிறார்கள். "இங்க ஒருத்தர் மேல போட்டுக் காட்டுவாரே, மீசை வெச்சுக்கிட்டு, அவர் எங்க?" என்றும் கேட்கிறார்கள். ஊருக்குப் போயிருக்கிறார் என்கிறேன். அவன் அப்போது எனக்கு நேர் கீழே, பைகளை வாங்கி டோக்கன் கொடுத்துக்கொண்டிருப்பான்.

கடை மூடும் நேரத்தில் வேலை செய்கிறவர்களின் பைகளைத் திறந்து பார்ப்பதும் இப்போது அவன் வேலை. தினமும் வரிசையில் நின்று என் பையை அவன் முன் வைக்கிறேன். டப்பாவைத் திறந்து பார்க்கிறான், குடையை உதறிப் பார்க்கிறான், பெரியவளின் பழைய இங்கிலீஷ் புத்தகத்தைக்கூடப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறான். மற்றவர்களிடம், "இன்னா மச்சி, போலாம் போலாம்" என்று சிரிக்கிறவன் என்னிடம் வாய் திறப்பதில்லை.

நேற்று நான் துணிந்து, "பசங்க உன்னைக் கேட்டாங்க" என்றேன்.

அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். என் கையில் தந்தான். பிறகு என் கண்ணை நேராகப் பார்த்து, மெதுவாகக் காலரைச் சொறிந்தான்.