முப்பத்திரண்டு என்று எழுதினேன்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் கண்டுபிடிக்கிற சிரமம் மிச்சம். இடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமலே நாற்பது வயது வரை வேட்டி கட்டியவன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினேன். அடுத்த லேத்தில் நின்றவரை மச்சான் என்பேன். சொந்தமில்லை; அவர் மனைவி என்னை அண்ணா என்று கூப்பிட்டதால் வந்த முறை. நசரத்பேட்டைக்காரர். கையும் காலும் குச்சி, நடுவில் மட்டும் சட்டைக்குள் பானையை ஒளித்த மாதிரி வயிறு. நானோ உடம்பு முழுக்க ஒரே சீராகப் பருத்தவன். குண்டு என்று கேலி செய்ய எல்லோருக்கும் நான் போதும். அவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஒருநாள் தொழிற்சாலை மருந்தகத்து டாக்டரம்மா எங்களைக் கூட்டிவைத்துப் பேசினார். தோலுக்கடியில் தொங்குகிற கொழுப்பைவிட, உள்ளே ஈரலையும் குடலையும் சுற்றி உட்கார்ந்திருக்கிற கொழுப்புதான் ரத்தக் குழாய்களைக் கெடுக்கும், இதயத்தின் குழாய்களைச் சுற்றியும் அது படியும், ஒல்லியான ஆளுக்கும் வரும் என்றார். எல்லோருக்கும் தொப்புளுக்கு நேராக அளந்து எழுதித் தரச்சொல்லி டேப்பை என்னிடம் கொடுத்தார். அளவு கூடியவர்களைச் சோதனைக்குக் கூப்பிடுவதாக ஏற்பாடு.

நான் டேப்பைப் பிரிக்கவே இல்லை. சீருடை தைக்க எடுத்த அளவுப் பட்டியல் கையில் இருந்தது; அதையே பார்த்து எழுதினேன். எங்கள் ஆட்கள் பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுவார்கள். வயிறு வளர வளரப் பேண்ட் இறங்குமே தவிர அளவு மாறாது. மச்சானுக்கு எட்டு வருடமாக அதே முப்பத்திரண்டு. “இன்னா மச்சான், உனுக்கு இன்னும் மாப்ள இடுப்பு கீது” என்றேன். அவர் பெருமையாக வயிற்றைத் தட்டிக்கொண்டார்.

சோதனைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பிரஷர் என்று மாத்திரை கொடுத்தார்கள். அவரைக் கூப்பிடவில்லை.

மறு வருடம், வேலைக்கு வரும் வழியில், சென்னீர்குப்பத்தில் சைக்கிளை நிறுத்தி மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அளந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. அளக்கவில்லை என்று நான் சொல்ல முடியும்.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அவர் மனைவியிடம் சொல்ல நின்றேன். பயத்தில் பழைய புத்தி வந்துவிட்டது. பேண்ட் அளவை இடுப்பளவு என்று எழுதிக்கொடுத்த கதையை, டீ நேரத்தில் சொல்கிறவன் போல இளித்துக்கொண்டே ஆரம்பித்தேன். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“சிரிக்காம சொல்லுண்ணா.”