எல்லை தாண்டி அடித்த பெட்ரோல்

கல்லூரியில் பொருளியல் சேர்ந்த மூன்றே மாதத்தில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வகுப்பு மலையாளத்தில், புத்தகம் ஆங்கிலத்தில், அலட்டல் மட்டும் வீட்டில், தமிழில். அம்மா மீன் வாங்கினால்கூடத் தேவைக்கோடு வரைந்து காட்டுவேன். அதனால் குழம்புக்கு ருசி ஒன்றும் கூடிவிடவில்லை.

மைக்ரோ எகனாமிக்ஸ் இன்டர்னல் தேர்வன்று பஸ் பணிமுடக்கு, அதாவது வேலைநிறுத்தம். கொத்தனாரான என் அண்ணன், அன்று சைட்டுக்குப் போகாமல், என்னை நெய்யாற்றின்கரைக் கல்லூரிக்கு பைக்கில் கொண்டுவிடக் கிளம்பினான். கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலை வந்ததும் பெட்ரோல் தீரப்போவது தெரிந்தது. எதிரிலேயே பம்ப்.

"இஞ்சயே அடிப்போம் மக்கா. நேரமாச்சுல்லா?"

"வேண்டாம் அண்ணா. களியக்காவிளையில வில கொறவாக்கும்."

எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் பெட்ரோல் மலிவு என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நான் மட்டும் அதற்குப் 'பகுத்தறிவுள்ள நுகர்வோர்' என்று பெயர் சொன்னேன். படித்தவன் சொல்கிறானே என்று, கல்லூரிக்கு நேர் எதிர்த்திசையில் அண்ணன் வண்டியைத் திருப்பினான்.

பஸ் ஓடாத நாளில் ஊரே பைக்கை எடுத்திருந்தது. எல்லாருமே பகுத்தறிவுள்ளவர்கள். வரிசை ரோடு வரை நின்றது. திரும்பிவிடலாம் என்றான் அண்ணன். இவ்வளவு தூரம் வந்தது வீணாகிவிடுமே என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அது தவறு என்று சொல்லும் பாடம் எங்களுக்கு அடுத்த மாதம்தான் வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி நேரத் தேர்வு முடிந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நண்பனின் கையிலிருந்த வினாத்தாளைப் பார்த்தேன். முதல் கேள்வி: ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுவதே வாய்ப்புச் செலவு, சொந்த உதாரணத்துடன் விளக்குக.

சாரின் காலைப் பிடிக்காத குறையாக மன்றாடி மறுதேர்வு வாங்கினேன். அவர் சோம்பலில் அதே கேள்வியைக் கொடுத்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று எங்கள் பயணத்தை அப்படியே எழுதினேன். பத்துக்குப் பத்து. 'நல்ல உதாரணம்' என்று சிவப்பு மையில் வேறு.

காலில் சிமென்ட் காயாமல் வேலையிலிருந்து வந்த அண்ணனிடம் தாளைப் பெருமையாகக் காட்டி, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்: அங்கே மிச்சமான சில ரூபாய், போய்வரத் தீர்ந்த பெட்ரோல், கைவிட்டுப்போன தேர்வு.

"விட்டுப்போனது எல்லாம் இதில உண்டா?"

"எல்லாம் உண்டு."

"அன்னைக்கு எனக்க ஒரு நாள் கூலி?"

அது இல்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. திருத்திய சாரும் அதைத் தேடவில்லை.