பாப்பா, டாட்டா சொல்லு

அறுபது வயது மணப்பெண்ணுக்கு மேக்கப் போடுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று கடைசி நேரத்தில் யாரும் அழமாட்டார்கள்.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எழுபது, எண்பது என்று வருஷம் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். எனக்கு வீடு பூதலூர். முதல் நாள் மத்தியானம் ரயிலேறி மயிலாடுதுறையில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போய்விடுவேன். வீட்டுக்காரர் செந்தில் நெல் லாரி ஓட்டுகிறார். கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அந்த லாரிக்கே தெரியாது. எனக்கு அம்மா இல்லை, மாமியார் அவர் மகள் வீட்டில். ஆகவே ஒன்றரை வயதுக் கயலும் என்னோடுதான் வேலைக்கு வருவாள். ஒரு தோளில் மேக்கப் பெட்டி, இன்னொரு தோளில் பாம்பர்ஸ் பை, இடுப்பில் பிள்ளை.

குழந்தையோடு பஸ் ஏறிப் பழகினவர்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? பால் பாட்டில் மூடி சரியாக எதிர் சீட்டுக்காரர் காலடியில்தான் போய் உருளும். நமக்கு சீட் கிடைத்த அடுத்த நிமிஷம்தான் அதற்கு ஆய் வரும். இதெல்லாம் நாம் எல்லாரும் பட்டதுதான். ஆனால் உங்கள் பிள்ளைகள் செய்யாத ஒன்றை என் பிள்ளை செய்தாள், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வாத்தியார் சீட்டு

ரயிலில் குழந்தையைப் பார்த்தால் நம் ஜனங்களுக்கு வேறு பேச்சே வராது. "பாப்பா பேரென்ன? பாப்பா, மாமாவுக்கு டாட்டா சொல்லு!" கயல் சொல்லவேமாட்டாள். மற்றக் குழந்தைகள் எல்லாம் பேச்சு வருவதற்கு முன்பே கையை ஆட்டுமே, இவள் ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்ப்பாள். பாபநாசத்தில் ஏறின ஒரு அம்மா, அவள் கையைப் பிடித்துத் தானே ஆட்டிப் பார்த்தார். சூடான தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "கை நல்லாத்தானே இருக்கு? டாக்டர்ட்ட காட்டினியா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்க, எனக்கு வந்ததே கோபம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கு மயிலாடுதுறையில் இறங்கும்போது, என் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தபடி, கயல் வலது கையைத் தூக்கினாள். மெதுவாக ஆட்டினாள். "டாட்டா." எனக்கு வாயெல்லாம் பல். யாருக்குச் சொல்கிறாள் என்று திரும்பினால், ஜன்னலோர சீட் காலி. பக்கத்தில், கும்பகோணத்திலிருந்து தினமும் அந்த ரயிலில் வருகிற பூக்கார அம்மா மட்டும் கூடையை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பிள்ளையைப் பார்த்தார், காலி சீட்டைப் பார்த்தார்.

"அங்கதாம்மா எங்க வாத்தியாரு ஒக்காந்து வருவாரு. போன மாசம் தவறிட்டாரு, நாங்க யாரும் அதுல ஒக்கார்றதில்ல."

தனி போட்டோ

அறுபதாம் கல்யாணத்தில் தம்பதியை உட்கார வைத்துக் கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள். நான் ஒரு மணி நேரம் பார்த்துப் பார்த்துப் போட்ட மேக்கப் ஒரே குடத்தில் வழிந்துவிடும். அப்புறம் ஈரப் புடவையை மாற்றிவிட்டு, தாலி கட்டுவதற்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த அவசரத்தில் கயல் லிப்ஸ்டிக்கைக் கடித்துவிட்டு வாயெல்லாம் சிவப்பாக வந்து நிற்பாள்.

அன்றைய மாப்பிள்ளை பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நல்ல வாய்க்காரர். "எனக்கும் கொஞ்சம் பவுடர் அப்பி விடும்மா, இல்லாட்டி நான் இவளுக்கு அப்பா மாதிரி தெரிவேன்" என்று என்னைப் படுத்தி எடுத்துவிட்டார். எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது லாட்ஜ் வாசலில் மாலையும் கழுத்துமாக நின்றார். கயல் என் இடுப்பிலிருந்து அவரைப் பார்த்துக் கையைத் தூக்கி, "தாத்தா டாட்டா" என்றாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினார். நான் போனில் சட்டென்று ஒரு படம் எடுத்தேன். ரயில் சமாச்சாரம் எனக்கு மறந்தே போயிருந்தது. பிள்ளை தேறிவிட்டாள் என்று வழியெல்லாம் முத்தம் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த மணப்பெண் அம்மா போன் செய்தார். பின்னால் யாரோ ஒப்பாரி வைக்கிற சத்தம்.

"கல்யாணத்துல எடுத்த எல்லாத்துலயும் நானும் பக்கத்துல நிக்கிறேன்மா. அவர் மட்டும் தனியா இருக்கற போட்டோ உன் போன்ல ஏதாவது இருக்கா?"

புளியமரம்

அதற்குப் பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவே பயம். ஆனால் விட்டுவிட்டுப் போக இடம்? பஸ்ஸில் ஏறினதும் அவள் கையில் எதையாவது கொடுத்துவிடுவேன். ஒரு நாள் திருக்கடையூர் பஸ்ஸில் அவள் வாந்தி எடுக்க, நான் பையைத் துழாவ, கண்டக்டர் "ஜன்னல் பக்கம் பிடிங்கம்மா, ஜன்னல் பக்கம்!" என்று கத்த, ஒரே ரகளை. வாயைத் துடைத்து நிமிர்த்தினால், அந்த நிலைமையிலும் ரோட்டோரத்தில் நின்ற ஒரு பெரிய புளியமரத்துக்கு டாட்டா காட்டுகிறாள். ஆள் யாரும் இல்லை, மரம்தான். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரம் அதே பஸ். அந்த இடம் வந்தபோது வெளிச்சம் பளீரென்று உள்ளே அடித்தது. ரோட்டை அகலப்படுத்துகிறார்களாம். மரம் துண்டு துண்டாகக் கிடந்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தவர், எனக்குச் சில்லறை கொடுக்கவில்லை, நகரவும் இல்லை. கயலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கி உங்க பாப்பா எதுக்கும்மா அந்த மரத்துக்கு டாட்டா காட்டுச்சு?"

ரெண்டு கையிலும் பிஸ்கட்

என் வாய் சும்மா இருக்குமா? கோயிலில் போட்டோ எடுக்கும் கணேசன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தேன். அடுத்த முகூர்த்தத்துக்குள் லாட்ஜ் லாட்ஜாகப் பரவிவிட்டது. இதோடு தொழில் படுத்துவிடும் என்றுதான் நினைத்தேன். நடந்தது வேறு. "பாப்பாவையும் கூட்டிட்டு வருவீங்கல்ல?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்! எமனையே உதைத்த சாமியைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, என் பிள்ளையிடம் செகண்ட் ஒப்பீனியன் கேட்கிறார்கள். மாப்பிள்ளைமார் அவள் எதிரே வந்து நிற்பார்கள். சிரிப்பார்கள். அவள் கை அசையவில்லை என்றால் கெட்டிமேளத்துக்கு முன்பே முகம் மலர்ந்துவிடும். நான் அவள் ரெண்டு கையிலும் பிஸ்கட்டைக் கொடுத்து வைத்திருப்பேன். ஒன்று தீர்வதற்குள் இன்னொன்று.

அப்படித்தான் ஒரு எண்பதாம் கல்யாணத்துக்குப் போனோம். பிள்ளைகள் தடபுடலாக ஏற்பாடு செய்திருந்தார்கள். மாப்பிள்ளை சக்கர நாற்காலியில். யாரையும் அடையாளம் தெரியாது. மூச்சு விடுகிறபோதெல்லாம் ஒரு முனகல். அதே அறையில் நான் அவர் மனைவிக்குப் புடவை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, "எல்லாரும் கொஞ்சம் வெளியில இருங்க" என்று அந்த அம்மா மகள், மருமகள்களை அனுப்பிவிட்டார். கதவைச் சாத்தினார். கயலைக் கிட்டே கூப்பிட்டார். கயல் நேரே அந்தப் பெரியவரிடம் போய் ஒரு பிஸ்கட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் விரல் மூடிக்கொண்டது. அந்த அம்மா குனிந்து, கயலின் இன்னொரு கையிலிருந்த பிஸ்கட்டை மெல்ல எடுத்துவிட்டார். கையைக் காலி செய்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாயில் இருந்த ஊக்கை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

"இன்னும் எத்தன நாளுக்குடி கண்ணு இவரு இந்தப் பாடு படுவாரு? ஒரே ஒரு டாட்டா சொல்லிடேன்."

நெல் லாரி

அந்த அம்மா அவ்வளவு கெஞ்சியும் சொல்லாத டாட்டாவை, என் வீட்டு வாசலில் சொன்னாள்.

சம்பா அறுவடை சமயம். கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் மலையாகக் கிடந்தன. கிழக்கே மேகம் கறுத்திருந்தது. திருச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு இவர் சாப்பிட வந்தார். என் கதைகளைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள். "ஊருக்கெல்லாம் டாட்டா, பெத்த அப்பனுக்குக் கிடையாது" என்று கயலைச் சீண்டிக்கொண்டே இருப்பார். சாப்பிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, "பாப்பா, அப்பா போயிட்டு வரட்டா?" என்றார். கயல் சோற்று வட்டிலை விட்டு எழுந்து வாசல்படிக்கு வந்தாள். வலது கையைத் தூக்கினாள்.

"அப்பா டாட்டா."

"ஏய் மாலா! சொல்லிட்டா பாரு, எனக்குச் சொல்லிட்டா!" என்று இவர் குதிக்கிறார். நான் அவர் கையிலிருந்த லாரிச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"இன்னிக்கிப் போக வேண்டாங்க."

"பைத்தியமா உனக்கு? மூட்டை ஏத்தியாச்சு. மேகத்தைப் பாரு. நனைஞ்சா அத்தனை பேரு பாடுபட்டதும் போச்சு."

"போகட்டும். நீங்க போகாதீங்க."

கத்தினார். நானும் கத்தினேன். கடைசியில் அழுதேன். சாவியைக் கொடுத்தேன், ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் போய் லாரியில் ஏறி உட்கார்ந்தேன். போனால் மூன்று பேரும் போகிறோம், அவ்வளவுதான்.

என்ஜின் சூடு காலைப் பொசுக்கியது. கயலின் ரெண்டு கையையும் என் கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். அவள் திமிறினாள், வீறிட்டாள், அழுது அழுது தூங்கிப்போனாள். நான் விடவில்லை. "கைதியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோற மாதிரி இருக்கு" என்று இவர் முதலில் கிண்டல் செய்தார். செங்கிப்பட்டி தாண்டினதும் பேச்சு நின்றுவிட்டது. தூக்கத்திலேயே அவள் விரல்கள் என் கைக்குள் அசைந்தன. மேலும் கீழும், மெதுவாக. இவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் திரும்பவில்லை. முன்னால் வைக்கோல் ஏற்றின டிராக்டர் ஒன்று ஆடி ஆடிப் போனது. ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து எந்த வண்டிக்குப் பின்னாலும் பொறுமையாகப் போகாத மனுஷன், அந்த டிராக்டர் பின்னாலேயே ஹாரன்கூட அடிக்காமல் ஊர்ந்துகொண்டு போனார். பின்னால் வந்த பஸ்காரர்கள் எல்லாம் திட்டிவிட்டுத் தாண்டிப் போனார்கள். அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அதுவரை, அவர் சிரிக்கிறாரே என்ற தைரியத்தில்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. மூட்டையை இறக்கின பிறகுதான் மழையே வந்தது. மறுநாள் காலையில் வீடு வந்து சேர்ந்தோம். திண்டாட்டமெல்லாம் தீர்ந்தது என்று பிள்ளையை இறக்கிவிட்டேன். பார்த்தால், அவள் மணிக்கட்டு ரெண்டிலும் என் விரல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. பெற்ற பிள்ளையை என்ன செய்துவிட்டேன் என்று அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். இவர் அந்தத் தடத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இனிமே நான் கிளம்பறப்ப பாப்பாவை எழுப்பாத மாலா."

அங்கன்வாடி

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவர் நன்றாக இருக்கிறார், தொப்பைகூடப் போட்டிருக்கிறார். இருந்தாலும் லாரி வெளியூர் போயிருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். அந்த எண்பதாம் கல்யாணத்து அம்மாவும் அவ்வப்போது கூப்பிடுவார். அவர் வீட்டுக்காரர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார். "பாப்பா இந்தப் பக்கம் எப்பம்மா வருவா?" என்பார். ஏதாவது சாக்குச் சொல்லி வைத்துவிடுவேன்.

கயலை இப்போது வேலைக்குக் கூட்டிப் போவதில்லை. அங்கன்வாடியில் விட்டிருக்கிறேன். டீச்சருக்கு எதுவும் தெரியாது, நானும் சொல்லவில்லை. போன வாரம் அவளைக் கூப்பிடப் போனபோது, வாயை அடக்க முடியாமல், "டீச்சர், இவ யாருக்காவது டாட்டா சொல்றாளா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கயல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே போகிற பிள்ளைகளையும் அம்மாக்களையும் பார்த்தபடி நின்றிருந்தாள். டீச்சருக்கு ஒரே பெருமை.

"வந்த புதுசுல கையவே தூக்கமாட்டா. நாந்தான் பழக்கினேன். இப்ப பாருங்க, ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருக்கும் டாட்டா சொல்றா!"

ஆகவே, பிள்ளை பெற்றவர்களே, எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திருடர்கள் மாதிரி சொல்லாமல் கிளம்பிப் போய், திரும்பி வந்த பிறகுதான் தெருவே அதிரும்படி "வந்துட்டேன்" என்று சொல்லிக்கொள்கிறோம்.