வெடிக்காத வெளிச்சம்

நாரணாபுரத்துப் பானுப்பிரியாவுக்கு, கண்ணெதிரே பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் கால் தரையில் நிற்காது. பட்டாசுக் கம்பெனியில் பக்கத்து அறை வெடித்துச் சிதறிய அன்று, ஓடியதால்தான் பிழைத்தாள். அதன்பிறகும் அதே கம்பெனியில் திரி செருகித்தான் பிழைப்பு. ஆனால் ஒரு தீபாவளிக்குக்கூட வாசலில் நின்றதில்லை. இந்த வருடம் மகள் அழகுமீனா கம்பி மத்தாப்போடு வந்து சேலையைப் பிடித்து இழுத்தபோது, உதறிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளை வாசலில் நின்று அழுதது. ஒரு வெளிச்சத்தை ஓடாமல் நின்று பார்க்கத் தன்னால் முடியவே முடியாதா என்று அன்றிலிருந்து மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

சீசன் முடிந்து லீவு விட்டதும் போர்மேன் கோட்டைச்சாமி வேன் பிடித்து, வேலைக்கு வரும் பெண்களைக் கடல் பார்க்கக் கூட்டிப்போனார். கரைக்கு எதிரே ஒரு தீவு. வெள்ளைக்காரன் காலத்துக் கலங்கரை விளக்கம் ஒன்று அதில் தன்னந்தனியாக நிற்கிறது. தண்ணீர் வற்றும்போது மட்டும் நடந்தே போகலாம். வழியில் டயர் பஞ்சராகி, அவர்கள் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடல் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. குளத்திலிருந்து எருமை எழுந்து வருவதுபோல மணல் முதுகைக் காட்டியது.  யாரும் சொல்லாமலே பெண்கள் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள்.

"ஏத்தா, இது என்ன வெடிமருந்து ரூமா, செருப்பக் கழட்டிட்டுப் போக? மாட்டிக்கிட்டு வாங்க," என்று சிரித்தார் கோட்டைச்சாமி.

"அம்புட்டுக் கடலும் வழி விட்டு நிக்கிது. செருப்புக் காலோட மிதிக்கச் சொல்றீகளே அண்ணே," என்றாள் யோகலட்சுமி.

தீவில் இறங்கிய பானுப்பிரியா, கழுத்து வலிக்க அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். மேகம் நகர்ந்தபோது கோபுரமே நடப்பதுபோல இருந்தது. "இம்புட்டு உசரத்துக்குக் கல்ல எப்பிடிக்கா ஏத்துனாக?" என்று யோகலட்சுமி கேட்டதுகூட அவள் காதில் விழவில்லை.

எல்லாரும் மணலில் உட்கார்ந்து சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, தலைக்கு மேலே பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

"ஓடுங்கடீ!"

பானுப்பிரியாதான் கத்தினாள். கண் மூடித் திறப்பதற்குள் அத்தனை பேரும் ஆளுக்கொரு திசையில் பறந்து, மணலில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டார்கள். சேவு சிதறிக் கிடந்தது. சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். அலைதான் கேட்டது. வெளிச்சம் மறுபடி வந்தது. அப்போதும் சத்தமில்லை.

"போர்மேன் அண்ணே, எங்களுக்கு முந்தி நீங்கல்லா ஓடுனீக!" என்று யோகலட்சுமி தலையைத் தூக்கியதும் சிரிப்பு வெடித்தது.

பானுப்பிரியா சிரிக்கவில்லை. கையை ஊன்றி எழுந்து கோபுரத்தின் பக்கம் திரும்பினாள். வெளிச்சம் அவள் தலைக்கு மேலே போய், கண்ணுக்கெட்டாத தூரம்வரை கடலைத் தடவிவிட்டு வந்தது. விளக்கைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் அருகில் வந்தார்.

"இது சத்தமே போடாதாண்ணே?"

"இதுவரைக்கும் போட்டதில்லம்மா. படகுல வர்றவங்களுக்குக் கரையைக் காட்டும், அம்புட்டுத்தான்."

"தண்ணி ஏறுது, வாங்கக்கா," என்று யோகலட்சுமி கூப்பிட்டாள்.

"இரு பிள்ள. மொதல்ல வீட்டுக்கு ஒரு வீடியோ போட்டுக் குடு."

அழகுமீனாவின் முகம் திரையில் வந்தது. பானுப்பிரியா விளக்கு தெரியும்படி போனைத் திருப்பிப் பிடித்தாள். தோள் ஒவ்வொரு சுற்றுக்கும் லேசாகத் துள்ளியது, கால் நகரவில்லை.

"யம்மா, அது எப்ப வெடிக்கும்?"

"வெடிக்காதுடி. அம்மா நின்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்."